சத்தமில்லாமல் வந்த வண்டி

ஹலோ... ஹலோ? சரவணன்ணா? ... கட் பண்ணாத. அண்ணா, கட் பண்ணாத, நான் ஷைனி பேசறேன். தாவீது பொண்டாட்டி ஷைனி.

... ஆமா, ஆமா. இது எபினேசர் மாமா போனு. எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் போனு. என் நம்பரப் பாத்தா தான் நீ எடுக்க மாட்டேங்கறியே. இருவத்தோரு நாளா எத்தினி தபா அடிச்சேன்? ... சிக்னல் இல்லியா? இருவத்தோரு நாளா கும்முடிப்பூண்டில சிக்னல் இல்லியா? யாரு காதுல பூ சுத்தற?

... தங்கச்சின்னு கூப்புடாத. வேணாம். அந்த பேச்சே வேணாம்.

... எங்கயா? போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கீறேன். லீவு போட்டுட்டு வந்துகிறேன். மாமா ஜெராக்ஸ் எடுக்க போயிருக்காரு. போனை என் கையில குடுத்துட்டுப் போனாரு, அதான் உனக்குப் போட்டேன். எதுக்கு வந்தேன்னு கேளேன். ... ஆமா. ஆமா, உன் மேல தான். கம்ப்ளைண்ட்டு. மாமா எழுதி ரெடியா வச்சிருக்காரு, என் கையெழுத்து ஒண்ணு தான் பாக்கி. போடறதுக்கு முன்னாடி உன் வாயால ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சு. எத்தினி நாளு என் ஊட்ல வந்து குந்தி டீ குடிச்சிருப்ப? அதுக்கோசரம் கேக்கறேன். அந்த பிரேக்க நீ ஒழுங்கா பாத்தியா, இல்லியா?

... பாத்தேன்னா இன்னா பாத்த? வண்டிய உன் ஷெட்ல வுட்டு நாலு நாளு தான் ஆச்சு. வெள்ளிக்கெழம வுட்டாரு, சாயங்காலம் எடுத்துட்டு வந்தாரு. 'சரவணன் பூராத்தையும் கழட்டி மாட்டிட்டான், இனிமே கவலையே இல்ல'ன்னு சிரிச்சுகினே சொன்னாரு. செவ்வாக்கெழம மத்தியானம் ஏரிக்கர எறக்கத்துல மதகு சுவத்துல போய் மோதிட்டாரு. எங்க ஊட்லேர்ந்து கூப்புடற தூரம்ணா. கூப்புட்டா கேக்கற தூரம்!

... அடக்கத்துக்கு வந்த. பாத்தேன். எல்லாருக்கும் பின்னாடி வேப்பமரத்தாண்ட நின்ன. என் மொகத்தக் கூட பாக்காம போயிட்ட. தப்பு பண்ணாதவன் ஏன்யா அப்பிடி போவான்?

... இன்னா? ... ஆமா, அதுவும் தெரியும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பாத்தாராம், பிரேக் நல்லா கீதுன்னு எழுதிட்டாராம். நேத்து தான் ஏட்டு சொன்னாரு. அதுக்குத் தான் எனக்கு வயிறு எரியுது. பிரேக் நல்லா கீதுன்னா அப்ப இன்னா அர்த்தம்? நீயே சொல்லு. ஊரே சொல்லிகினு கீது, உனக்கு மட்டும் தெரியாதா?

குடிச்சிட்டு ஓட்டினாருன்னு அர்த்தம்! பட்டப் பகல்ல, யாருமே இல்லாத ரோட்ல, காருல, நேரா சுவத்துல போய் மோதுறான்னா குடிச்சிருப்பான், இல்ல தூங்கியிருப்பான். அதத் தான் சொல்லுதுங்க. கொழாயடியில நான் கொடத்தோட போனா பேச்ச நிறுத்துதுங்க. சர்ச்சில போன ஞாயித்துக்கெழம பாஸ்டர் ஐயா என் தலையில கை வச்சு ஜெபம் பண்ணிட்டு மெதுவா கேக்கறாரு, 'தாவீது மறுபடியும் ஆரம்பிச்சிட்டானாம்மா?'ன்னு. அவரே கேக்கறாரு! ஆறு வருஷம்ணா. ஆறு வருஷமா ஒரு சொட்டு தொடல அந்த மனுஷன். உனக்குத் தெரியாதா? உன் தம்பி கல்யாணத்துல எல்லாரும் ஊத்திகினு குந்தியிருந்தப்ப இவரு ஓரமா மோர் குடிச்சுகினு இருந்தாரே.

... ம். ... ம், அதான். அதான் சொல்றேன். செத்தவருக்கு வாய் இல்ல. ரத்தத்துல பாத்து எழுதற ரிப்போர்ட்டு இன்னும் வரல. அது வர்றதுக்குள்ள ஊரு எழுதி முடிச்சிடுச்சு. அதனால தான் மாமா சொல்றாரு, கம்ப்ளைண்ட்டு குடு, வேற ஆள வச்சு திரும்ப பாக்கச் சொல்லுவோம், பிரேக் வேலைய சரியா பண்ணலன்னு நிரூபிச்சா தம்பி பேராவது சுத்தமாவும்னு. எனக்கு வேற வழி இன்னா கீது? உன் ஷெட்ட மூடிட்டா எனக்கு இன்னா கெடைக்கப் போவுது? எனக்கு அவரு பேரு வேணும். அவ்ளோ தான்.

... அழாத. நீ ஏன் அழற? ... அண்ணா. சரவணன்ணா, அழாம சொல்லு. எனக்கு ஒண்ணும் புரியல.

... இன்னா ஆஃப்? ... இன்னாது?

... இஞ்சினா? ... வண்டி ஓடிகினு தான வந்துச்சு? ஓடாம எப்பிடி மதகு வரைக்கும் வரும்? ... எறக்கத்துல. ம். ... ம்.

... யாரு சொன்னா? ... நீ பாத்தியா? உன் கண்ணால? ... சாவி ஆஃப்ல இருந்துச்சா? அதுக்கு இன்னா, மோதனப்புறம் யாராவது ஓடி வந்து ஆஃப் பண்ணியிருப்பாங்க. வண்டி புடிச்சிகினு எரியும்னு பயந்து பண்ணியிருப்பாங்க. போலீஸ் பண்ணியிருக்கும். ... இல்லியா? ... நீ தான் மொதல்ல போனியா? ... ஆடு மேய்க்கற பூவம்மாக்கா போன் பண்ணிச்சா உனக்கு? அது எனக்குத் தெரியாதே. ஓ... கதவுல உன் ஷெட்டு ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சு, அதுல நம்பரு. ம்.

... கதவு தெறக்கல. ஜன்னலு வழியா தான் கைய வுட்ட. ... ம். ... சாவி ஆஃப்ல இருந்துச்சு. ... மீட்டர்ல லைட்டு இல்ல. ... ஹேண்ட் பிரேக்கு மேல இழுத்திருந்துச்சா? மேல வரைக்குமா?

இரு. இரு, இரு. எனக்கு மூச்சு வாங்குது. செவுத்தாண்ட குந்திக்கறேன். ... இல்ல, தண்ணி வேணாம். நீ எங்கேர்ந்து குடுப்ப தண்ணி, லூசு மாதிரி பேசாத. சொல்லு.

... ஸ்டேரிங்கு? ... மெதுவா சொல்லு, நான் கம்பெனியில பாகம் மாட்டறவ தான், வண்டி தெரியாது. இஞ்சின் ஓடினா தான் ஸ்டேரிங் லேசா திரும்பும். ம். ... இஞ்சின் நின்னா? ... திரும்பாதா? ... திரும்பும், ஆனா பாரம். எத்தினி பாரம்? ... அரிசி மூட்டைய ஒத்தக் கையால நவுத்தற மாதிரியா. ... பூட்டிகினு போகலியா அப்ப? ... ஓ, சாவிய உருவினா தான் பூட்டிக்குமா. சாவி உள்ள தான் இருந்துச்சு. ம்.

பூவம்மாக்கா சொல்லிச்சுண்ணா. அது அந்தப் பக்கம் ஆடு ஓட்டிகினு போயிருந்துச்சு. 'சீட்ட வுட்டு எழுந்து நின்ன மாதிரி, ரெண்டு கையாலயும் ஸ்டேரிங்கோட மல்லு கட்டிகினு வந்தான்டி, ஆர்ன் கூட அடிக்கல, வண்டி சத்தமே இல்லாம வந்துச்சு'ன்னு. போலீஸ்கிட்டயும் அதையே தான் சொல்லிச்சு. அத வச்சுத் தான் போதையில இருந்தான்னு ஒருத்தன் கெளப்பி வுட்டான். மல்லு கட்டினாரா... திருப்பப் பாத்திருக்காரு. அந்த வளைவுல திருப்பப் பாத்திருக்காரு, இல்லண்ணா?

... ம். ... சரி, ஸ்டேரிங்க வுடு. பிரேக்கு? பிரேக்கு தான் நல்லா கீதுன்னு நீயே சொல்றியே. மிதிச்சா நிக்க வேண்டியது தான?

... அதுவும் இஞ்சின் ஓடினா தானா? ... ரெண்டு மிதிக்கு வரும். ம். அப்பால? ... கல்லு மாதிரி ஆயிடுமா. ஏறி நின்னாலும் எறங்காதா. ... ரெண்டே ரெண்டு மிதியா? ... நெசமா தான் சொல்றியா, இல்ல தப்பிக்கறதுக்கு கத கட்டறியா? ... ஏசப்பா மேல சத்தியம் பண்ணாத, உனக்கு அவரத் தெரியாது. உங்க சாமி மேல பண்ணு. ... ம். சரி. நம்பறேன்.

... இரு. அந்த எறக்கத்துலயா? புதுசாவா? ... ஆமா. போட்டாங்க. பஞ்சாயத்துல ஸ்பீட் பிரேக்கர் போட்டாங்க. அந்த வாரம் தான். ஸ்கூல் புள்ளைங்க போறதுன்னு. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு.

ரெண்டு.

... ரெண்டுண்ணா. ரெண்டு தான். மேல ஒண்ணுக்கு ஒரு தபா மிதிச்சிருப்பாரு. நடுவுல ஒண்ணுக்கு ஒரு தபா. முன்னாடியெல்லாம் அந்த ரெண்டு மிதியும் வளைவுக்கே இருந்துச்சு, அன்னிக்கு வளைவுக்கு வர்றப்ப ஒண்ணும் மிச்சம் இல்ல. ... ஐயோ. ஐயோ, சாமி.

... திருப்பி சாவியத் திருவியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? ஒரு திருவு திருவினா ஸ்டார்ட் ஆயிருக்குமே? ... ஹேண்ட் பிரேக்க இழுக்கத் தான் ஒரு தபா கைய எடுத்தாரா, அதுவும் நிறுத்தலியா. ... மத்தபடி ரெண்டு கையும் ஸ்டேரிங்ல. ஆமா. ரெண்டு கையும் ஸ்டேரிங்ல தான் இருந்துச்சு. பூவம்மாக்கா சொன்னிச்சே.

... ... கேக்குது. லைன்ல தான் கீறேன். பஸ்ஸு போச்சு, அந்த சத்தம்.

சரி, ஒண்ணு சொல்லு. பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டற ஆளு. சிப்காட்டுக்கு மூணு ஷிஃப்டு ஆளுங்களையும் ஏத்தி எறக்கினவரு. ஒரு கீறல் போட்டதில்ல. ஓடற வண்டிய எதுக்கு ஆஃப் பண்ணாரு? டீசல் மிச்சம் புடிக்கவா? அந்த கையளவு எறக்கத்துல இன்னா மிச்சமாவப் போவுது?

... உனக்குத் தெரியும். அண்ணா, உன் மூச்சு மாறுது, உனக்குத் தெரியும். ... வேணாம்னா இன்னா வேணாம்? நான் தெரிஞ்சிக்க வேணாமா? எனக்கு இல்லாம வேற யாருக்கு அந்த வெவரம்? ... கோவப்பட மாட்டேன். சத்தியமா. சொல்லு.

... ம்.

... ம்.

... யாரு தூங்கறாங்க?

... ...

... இன்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு. நீ ஒண்ணும் சேக்காத.

... 'ஷைனி நைட் ஷிஃப்டு முடிச்சுட்டு படுத்துனு இருக்கும். எஞ்சின் சத்தத்துக்கு முழிச்சிக்கும். மேலயே ஆஃப் பண்ணிட்டா சொய்ங்குனு வாசல்ல வந்து நிக்கும், அதுக்குத் தெரியவே தெரியாது'ன்னு. ... சிரிச்சுகினே சொன்னாரா? ... எப்ப? ... ஜீப் வச்சிருந்தப்பவே. நாலு வருஷமாவா? நாலு வருஷமாவா, அண்ணா!

ஐயோ... நான் தான். நான் தான்ணா சொன்னேன்.

... இல்ல, நீ கேளு. கேளு. நாலு வருஷத்துக்கு முன்னாடி. அந்தப் பழைய ஜீப்பு. அரிசி மில்லு மாதிரி தடதடன்னு வரும், எங்க ஊட்டு ஷீட்டு கூர அதிரும். காலையில எட்டு மணிக்கு வந்து, சோறு வடிச்சு, துணி தொவைச்சு, பத்து மணிக்குத் தான் கண்ண மூடுவேன். பதினொன்றைக்கு இவரு ஜீப்போட வந்து நிப்பாரு சாப்பாட்டுக்கு. ஒரு நாளு எனக்கு தாங்கல. 'ராத்திரி பூரா மெஷினு முன்னாடி நின்னுட்டு வந்து பொணம் மாதிரி கெடக்கறேன், நீ ஊரக் கூட்டிகினு வர்றியா'ன்னு கத்தினேன். கையில இருந்த சொம்ப தூக்கி அடிச்சேன். கதவுல பட்டு நசுங்கிடுச்சு. இன்னும் அந்த நசுங்கின சொம்புல தான் தண்ணி மொள்றேன். ஒரே ஒரு நாளு தான்ணா சொன்னேன். அப்பால நானே மறந்துட்டேன்.

அதுக்கப்புறம் எனக்கு முழிப்பே வந்ததில்ல. ஜீப்பு சத்தம் எனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன். அவ்ளோ அசதின்னு நெனச்சேன். மூணு மாசத்துக்கு முன்னாடி இந்தக் கார எடுத்துட்டு வந்தப்ப பக்கத்து ஊட்லலாம் பெரும அடிச்சேன், 'எங்க வண்டி வர்றதே தெரியாது, அவ்ளோ சத்தமில்லாத வண்டி'ன்னு. வண்டி இல்லண்ணா. வண்டி இல்ல.

... தட்டு! ஐயோ, தட்டு. அவரே சோறு போட்டுத் துன்னுட்டு தட்ட அப்பிடியே வச்சுட்டு போயிடுவாரு. கழுவக்கூட மாட்டாரு. சாயங்காலம் நான் கத்துவேன், 'ஒரு தட்டக் கழுவினா உன் கை தேஞ்சிடுமா'ன்னு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு, பல்லக் காட்டுவாரு. கொழாயத் தெறந்தா சத்தம் வரும்னு தான் வச்சுட்டுப் போயிருக்காரு. நாலு வருஷமா திட்டியிருக்கேன்ணா அந்தத் தட்டுக்கு.

... ... இல்ல. அழட்டும் வுடு. யாரும் இல்ல இங்க. ஒரு அம்மா பாத்துட்டுப் போவுது. பாக்கட்டும். ஸ்டேஷன் வாசல்ல அழறது புதுசா.

... இன்னாது? ... எப்பிடி உன் மேல தப்பு?

... ஜீப்புல ஒண்ணும் ஆவாது. ம். அதுல பவர் கெடையாது, ஒண்ணும் கெடையாது, இஞ்சின் ஓடினாலும் நின்னாலும் அதே கை பலம், அதே கால் பலம். ... இந்தக் காருல மட்டும் தான். ... நீ சொல்லியிருக்கணும். அந்த வெள்ளிக்கெழம பிரேக்கப் பாத்தப்ப. 'தாவீது, இந்த வண்டியில அந்த வேல பண்ணாத'ன்னு. உனக்கு அவரு பழக்கம் தெரியும். தெரிஞ்சும் சொல்லல.

... ஏன்? ... மறந்துட்டியா. நெனப்பே வரலியா. வேற வண்டி வந்துடுச்சா. ... தெரிஞ்சிருந்துச்சு உனக்கு! உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு! ஒரு வார்த்தைண்ணா! டீ குடிக்கறப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஆளு இன்னிக்கு உசுரோட...

... ...

... இல்ல. வுடு. இரு, நான் இன்னும் பேசல. மூக்க சிந்திக்கறேன்.

... அதுக்குத் தான் போன் எடுக்கலியா? ... ம். அதச் சொன்னா எதுக்கு ஆஃப் பண்ணாருன்னும் சொல்ல வேண்டியிருக்கும். என் மொகத்தப் பாத்து அத சொல்ல முடியாதுன்னு. கம்ப்ளைண்ட்டு வந்தா வாங்கிக்கலாம்னு நெனச்சியா? ஜெயிலுக்குப் போனாலும் போறேன்னா? லூசாய்யா நீ? உனக்கு ரெண்டு புள்ளைங்க கீது. உன் பொண்டாட்டிக்கு இது தெரியுமா? ... நெனச்சேன்.

இந்த ஆம்பளைங்களே இப்பிடித் தான். சொல்ல வேண்டியத மட்டும் சொல்ல மாட்டீங்க. அவரும் சொல்லல, நீயும் சொல்லல. ஒரு தபா, ஒரே ஒரு தபா என்கிட்ட சொல்லியிருந்தா, 'ஷைனி, உனக்கோசரம் மேலயே ஆஃப் பண்ணிட்டு வர்றேன்'னு, நான் இன்னா சொல்லியிருப்பேன்? 'போய்யா பேஜாரு புடிச்சவனே, நீ ஊட்டு வாசல்ல தாரத் தப்பட்ட அடிச்சாலும் நான் தூங்குவேன்'னு சொல்லியிருப்பேன்.

... இரு, மாமா வர்றாரு. ரோட்ட தாண்டறாரு. கையில பேப்பரு. ... இல்ல, கட் பண்ணாத.

மாமா, கொஞ்சம் இருங்க. ... பேசிகினு தான் கீறேன். அவன்கிட்ட தான். ... கோவப்படாதீங்க மாமா. கையெழுத்து வேணாம். நான் போடல. ... ஊட்ல போய் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். உங்க தம்பி குடிக்கல மாமா. அது மட்டும் இப்ப தெரிஞ்சிக்குங்க. குடிக்கவே இல்ல. ... அந்தப் பேப்பர என்கிட்ட குடுங்க. நீங்க போய் ஒரு டீ சாப்புடுங்க, தோ வந்துடறேன்.

... போறாரு. பாவம், நடக்கவே முடியல அவரால. தம்பிய இவரு தான் தூக்கி வளத்தாரு.

அண்ணா, கேளு. ஒம்பது நாளு கழிச்சு முப்பதாம் நாளு ஜெபக்கூட்டம். வியாழக்கெழம சாயங்காலம், எங்க ஊட்டு வாசல்ல பந்தலு போட்டு. ஊரே வரும். பாஸ்டர் ஐயா வருவாரு. நீ வரணும். ... வரணும். பின்னாடி மரத்தாண்ட நிக்காத, முன்னாடி வந்து குந்து. ஜெபம் முடிஞ்சதும் நீ எழுந்து சொல்லணும். இப்ப என்கிட்ட சொன்ன மாதிரி. சாவி ஆஃப்ல இருந்துச்சுன்னு. ஸ்டேரிங்கு பாரமாயிடும், பிரேக்கு ரெண்டு மிதிக்குத் தான் வரும்னு. அங்க வர்ற ஆம்பளைங்கள்ல பாதி பேரு வண்டி ஓட்டறவங்க. எறக்கம் வந்தா டீசலுக்கு ஆஃப் பண்றவனுங்க எத்தினி பேரு கீறானுங்களோ. அவனுங்க பொண்டாட்டிங்களும் அங்க தான் குந்தியிருக்கும். நல்லா கேக்கட்டும்.

... ஆமா, அதையும் சொல்லு. எதுக்கு ஆஃப் பண்ணாருன்னும் சொல்லு. ... சொல்லட்டுமே. இன்னா சொல்லுவாங்க? பொண்டாட்டி தூக்கத்துக்கு செத்தான்னு சொல்லுவாங்க. சொம்பத் தூக்கி அடிச்சவளாச்சேன்னு என்னப் பாப்பாங்க. பாக்கட்டும்ணா. குடிச்சுட்டு செத்தான்னு சொல்றதுக்கு இது எவ்ளோவோ தேவல. அவரு பேர வெளுத்துக் குடு, என் பேரு எப்பிடி போனா இன்னா.

... ம். ... சரி. ... சரிண்ணா.

... இல்ல, வைக்காத. ஒண்ணு கீது. ஒண்ணே ஒண்ணு. மாமாகிட்டயும் சொல்ல மாட்டேன், எங்க அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும் சொல்றேன்.

இன்னிக்கு லீவு போட்டேன்னு சொன்னேன் இல்ல? ... எந்த ஷிஃப்டுன்னு நீ கேக்கல. ஜெனரல் ஷிஃப்டு. ஒண்ணாந் தேதிலேர்ந்து எனக்கு ஜெனரல் ஷிஃப்டுண்ணா. காலையில போயிட்டு சாயங்காலம் வரலாம். ராத்திரி ஊட்ல எல்லார மாதிரியும் படுக்கலாம். ஏழு வருஷமா கேட்டு, போராடி, அந்த செவ்வாக்கெழம காலையில தான் சூப்பர்வைசரு சொன்னாரு. பஸ்ல வர்றப்பவே அவருக்குப் போன் பண்ணி சொல்லலாம்னு எடுத்தேன். எடுத்துட்டு வச்சுட்டேன். போன்ல வேணாம், நேருல சொல்லி அந்த மூஞ்சியப் பாக்கணும்னு ஒரு ஆச. நெத்திலி கொழம்பு வச்சேன். வழக்கமா ஆறிப் போனத துன்னுட்டுப் போவாரு, அன்னிக்கு சுடச் சுடப் போடணும்னு.

... தூங்கலண்ணா. நான் அன்னிக்குத் தூங்கவே இல்ல. பாயில கண்ண முழிச்சுகினு படுத்துனு இருந்தேன். வண்டி சத்தம் கேட்டதும் எழுந்து சோறு போடலாம்னு காத பொழுதுக்கும் ரோட்டு மேலயே வச்சுகினு இருந்தேன். பதினொன்றையாச்சு. பன்னெண்டாச்சு. இன்னும் சத்தத்தக் காணமே, இன்னும் காணமேன்னு...

... ஆமா. மோதின சத்தம் தான் கேட்டுச்சு. மதகாண்ட யாரோ மரம் வெட்டறாங்கன்னு நெனச்சேன். எழுந்திரிக்கக் கூட இல்ல.

... இல்ல. எதுவும் சொல்லாத. ஆறுதல் சொல்லாத, என்னால தாங்க முடியாது. நான் கேக்கறத மட்டும் கேளு.

ஜெபத்துல எல்லாத்தையும் சொல்லு. சாவி, ஸ்டேரிங்கு, பிரேக்கு, சொம்பு, தட்டு, எல்லாத்தையும் சொல்லு. ஷைனி தூங்கிகினு இருந்தான்னே சொல்லு. முழிச்சுகினு இருந்தேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத. அவரு நான் தூங்கறேன்னு நெனச்சுகினு தான் வந்தாரு, அது அப்பிடியே இருக்கட்டும்.

... ம். சரிண்ணா.

வச்சிடறேன்.